பிளிட்ஸ் ஆடினால் கிளாசிக்கல் ஆட்டம் கெடுமா?

2025 பிப்ரவரி 2 அன்று நெதர்லாந்தின் வைக் ஆன் ஜீ ஊரில் டாடா ஸ்டீல் செஸ் போட்டியின் கடைசிச் சுற்று நடந்தது. முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்த குகேஷும் பிரக்ஞானந்தாவும் அன்று தங்கள் கிளாசிக்கல் ஆட்டங்களில், அதாவது பல மணிநேரம் நீளும் ஆட்டங்களில், தோற்றார்கள். 13 சுற்று முடிவில் இருவருக்கும் 8.5 புள்ளி. பட்டம் யாருக்கு என்பதை, சில நிமிடத்தில் முடியும் பிளிட்ஸ் ஆட்டங்கள் தீர்மானித்தன. முதல் ஆட்டத்தை குகேஷ் வென்றார், இரண்டாவதை பிரக்ஞானந்தா வென்றார், அடுத்த ஆட்டத்தையும் வென்று கோப்பையை எடுத்துக்கொண்டார். இரண்டு வாரத்துக்கு மேல் மெதுவாக ஆடிய தொடர், சில நிமிட ஆட்டங்களில் முடிந்தது.

அதே ஆண்டு ஜூலையில் ஜாக்ரெப் நகரில் நடந்த கிராண்ட் செஸ் டூர் போட்டியில், பிளிட்ஸைவிடச் சற்று நீளமான ரேப்பிட் பகுதியில் உலக சாம்பியன் குகேஷ் 18-க்கு 14 புள்ளி எடுத்து முதலிடம் பிடித்தார். முன்னாள் உலக சாம்பியன் மாக்னஸ் கார்ல்சனையும் அதில் வென்றார். அடுத்து வந்த பிளிட்ஸ் பகுதியில் 18 ஆட்டங்களில் அவருக்குக் கிடைத்தது 5.5 புள்ளிதான். அதே ஆள், அதே ஊர், அதே வாரம். செஸ்ஸை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது புரியாமல் போவதில் ஆச்சரியமில்லை.

பிள்ளைகளைப் போட்டிகளுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு இந்தக் குழப்பம் இன்னும் நேரடியானது. பிள்ளை மொபைலில் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது பிளிட்ஸ் ஆடுகிறது. அது பயிற்சியா, பழக்கக் கேடா? ஒரு பயிற்சியாளர் அடியோடு நிறுத்தச் சொல்கிறார், இன்னொருவர் ஆடினால்தான் கை வேகம் வரும் என்கிறார். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வளர்ந்துகொண்டிருக்கும் ஆட்டக்காரருக்கு, அலசாமல் ஆடும் பிளிட்ஸ் கெடுதல் செய்கிறது. கைதேர்ந்தவருக்கு அவ்வளவாகச் செய்வதில்லை. ஏன் இந்த வேறுபாடு என்பதைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

## எது பிளிட்ஸ், எது கிளாசிக்கல்

உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி, ஒரு ஆட்டக்காரருக்கு மொத்தம் 10 நிமிடமோ அதற்குக் குறைவோ கிடைத்தால் அது பிளிட்ஸ். 10 நிமிடத்துக்கு மேல், 60 நிமிடத்துக்குள் என்றால் ரேப்பிட். அதற்கு மேல் போனால் கிளாசிக்கல் அல்லது ஸ்டாண்டர்ட். ஒவ்வொரு நகர்வுக்கும் கடிகாரம் கூடுதலாகத் தரும் விநாடிகளுக்கு இன்கிரிமென்ட் என்று பெயர். 60 நகர்வு என்று வைத்து அதையும் கூட்டித்தான் ஃபிடே கணக்குப் போடுகிறது. ஆளுக்கு ஒரு நிமிடம் மட்டுமே தரும் புல்லட் ஆட்டம் இணையத்தின் பிள்ளை.

உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பில் 3 நிமிடம், நகர்வுக்கு 2 விநாடி. 60 நகர்வு நீளும் ஆட்டத்தில் மொத்தம் 5 நிமிடம், அதாவது ஒரு நகர்வுக்குச் சராசரியாக 5 விநாடி. செஸ் ஒலிம்பியாட்டில் முதல் 40 நகர்வுக்கு 90 நிமிடம், கூடவே நகர்வுக்கு 30 விநாடி. அந்த 40 நகர்வையும் முழு நேரமும் எடுத்து ஆடினால் சராசரி 2 நிமிடம் 45 விநாடி. நடைமுறையில் யாரும் இப்படிச் சமமாகப் பங்கிடுவதில்லை. ஓப்பனிங் எனும் தொடக்க நகர்வுகளை மனப்பாடத்தில் ஓட்டிவிட்டு, நடுக்கட்டமான மிடில்கேமில் ஒரே ஒரு நகர்வுக்கு 25 நிமிடம் உட்கார்வார்கள். அந்த 25 நிமிடத்தில் நடக்கும் வேலைக்கு பிளிட்ஸில் இடமே கிடையாது.

## ஒரு நகர்வு எப்படிப் பிறக்கிறது

பலகையைப் பார்த்தவுடன் நல்ல ஆட்டக்காரருக்கு இரண்டு மூன்று நகர்வுகள் தானாகத் தோன்றும். ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் பார்த்த அமைப்புகள் நினைவில் தொகுதி தொகுதியாகத் தங்கியிருப்பதன் பலன் அது. 1973-ல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் செய்த பரிசோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. உண்மையான ஆட்டத்தின் நிலை ஒன்றை 5 விநாடி மட்டும் காட்டி எடுத்துவிட்டால், மாஸ்டரால் பெரும்பாலான காய்களைத் திரும்ப வைக்க முடிகிறது. புதியவருக்குச் சில காய்களே நினைவில் நிற்கின்றன. காய்களைத் தாறுமாறாகக் கலைத்து வைத்துக் காட்டினால், மாஸ்டரின் சாதகம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அவருக்கு இருப்பது அபார ஞாபகசக்தி என்று சொல்ல முடியாது. செஸ் அமைப்புகளின் பரிச்சயம்தான் அவர் சொத்து.

இது முதல் வேலை. இரண்டாவது வேலை, தோன்றிய நகர்வைச் சோதிப்பது. நான் இப்படி ஆடினால் அவர் என்ன செய்வார், அதற்கு நான் என்ன செய்வேன், அந்த வரிசையின் முடிவில் யாருடைய நிலை நன்றாக இருக்கிறது? இதைத்தான் கணக்கிடுதல் என்கிறோம். மூன்றாவது வேலை, பலரும் கவனிக்காமல் விடுவது: நன்றாகத் தோன்றிய நகர்வைக் கையில் வைத்துக்கொண்டே, இதைவிடச் சிறந்தது இருக்கிறதா என்று தேடுவது.

பிளிட்ஸ் முதல் வேலையை முழுவதுமாகவும், இரண்டாவதைக் கொஞ்சமாகவும் பயன்படுத்துகிறது. மூன்றாவதற்கு நேரமே தருவதில்லை. சண்டை முழுவதும் இந்த மூன்றாவது வேலையைச் சுற்றித்தான்.

## ஆய்வுகள் சொல்வது, சொல்லாதது

பிளிட்ஸை ஆதரிப்பவர்கள் அடிக்கடி காட்டும் ஆய்வு, உளவியலாளர் புரூஸ் பர்ன்ஸ் 2004-ல் வெளியிட்டது. வழக்கமான நேரத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவான நேரத்தில் ஆடும்போது வீரர்கள் காட்டும் திறனை அவர்களுடைய ரேட்டிங்குடன், அதாவது போட்டி முடிவுகளை வைத்துத் தரும் தரப் புள்ளியுடன், ஒப்பிட்டார். வீரருக்கு வீரர் இருக்கும் திறன் வித்தியாசத்தில் 81 சதவீதம் வரை பிளிட்ஸ் ஆட்டத்தைக் கொண்டே விளக்க முடிந்தது. சுருக்கமாகச் சொன்னால், மெதுவாக நன்றாக ஆடுபவர் பெரும்பாலும் வேகமாகவும் நன்றாக ஆடுகிறார்.

ஆனால் இந்த ஆய்வு காட்டுவது இரண்டு திறன்களும் சேர்ந்தே இருக்கின்றன என்பதை. பிளிட்ஸ் ஆடியதால் கிளாசிக்கல் திறன் வந்தது என்று அது சொல்லவில்லை. இரண்டுக்கும் அடியில் இருக்கும் ஒரே சரக்கு, நினைவில் சேர்ந்திருக்கும் அமைப்புகள். அந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று நீல் சார்னஸும் சக ஆய்வாளர்களும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் பார்த்தார்கள். தனியாக உட்கார்ந்து தீவிரமாகப் படித்த மணிநேரம்தான் ரேட்டிங்குடன் வலுவாக ஒத்துப்போனது. போட்டிகளில் ஆடிய நேரத்தின் தொடர்பு அதைவிடக் குறைவு.

இன்னொரு பக்கத்தில், கிறிஸ்டஃபர் சாப்ரிஸும் எலியட் ஹெர்ஸ்டும் 2003-ல் கிராண்ட்மாஸ்டர்களின் ஆட்டங்களைக் கணினி கொண்டு சோதித்தார்கள். கிளாசிக்கலைவிட ரேப்பிட்டில் தவறுகள் அதிகமாகவும் பெரிதாகவும் இருந்தன. நேரம் கொடுத்தால் கிராண்ட்மாஸ்டரே கூடத் தன் முதல் எண்ணத்தைத் திருத்திக்கொள்கிறார் என்பதற்கு இது நல்ல ஆதாரம்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2008-ல் மெரிம் பிலாலிச், பீட்டர் மெக்லியாட், ஃபெர்னாண்ட் கோபே செய்த ஆய்வு. ராஜாவைச் சொந்தக் காய்களே சூழ்ந்து நிற்க, குதிரையால் மேட் செய்யும் பிரபலமான வழி ஒன்று உண்டு. அது சாத்தியமாக இருக்கும் ஒரு நிலையை நல்ல ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். அதே நிலையில் அதைவிடக் குறுகிய மேட் ஒன்றும் இருந்தது. பழக்கமான வழி உடனே கண்ணில் பட்டது. அப்புறம், “இதைவிட நல்லது தேடுகிறேன்” என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தால், பார்வை அந்தப் பழைய வழியின் கட்டங்களையே சுற்றிக்கொண்டிருந்தது. தேடுகிறோம் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். முதல் எண்ணத்தின் பிடி அவ்வளவு வலியது. ஒரு நாளில் ஆயிரம் தடவை முதல் எண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் அந்தப் பிடியைத் தளர்த்தாது என்பது என் வாதம்.

## பிளிட்ஸ் உதவும் இடங்கள்

1. ஓப்பனிங் பழக. புதிதாகப் படித்த ஓப்பனிங்கை கிளாசிக்கல் போட்டியில் மட்டுமே சோதித்தால், ஒரு மாதத்தில் நான்கைந்து வாய்ப்புதான் கிடைக்கும். பிளிட்ஸில் ஒரு மாலையிலேயே பத்து பேரிடம் பத்து விதமான பதிலைப் பார்க்கலாம். எங்கே நினைவு அறுந்தது, எந்தப் பதில் புதிது என்று ஆட்டம் முடிந்ததும் பார்த்தால்தான் இந்தப் பலன் கிடைக்கும்.

2. நேர நெருக்கடிக்குப் பழக. கிளாசிக்கல் ஆட்டமும் பல சமயம் பிளிட்ஸாகவே முடிகிறது. 2025 ஜூன் 1 அன்று ஸ்டாவாங்கரில் நடந்த நார்வே செஸ் ஆட்டத்தில் கார்ல்சன் நீண்ட நேரம் குகேஷை நெருக்கிக்கொண்டிருந்தார். அந்தப் போட்டியில் 40-வது நகர்வுக்குப் பிறகு கிடைப்பது நகர்வுக்கு 10 விநாடி மட்டுமே. இருவருக்கும் நேரம் வற்றிய கட்டத்தில் கார்ல்சன் தவறினார், குகேஷ் வென்றார். பிளிட்ஸ் மன்னர் என்று பெயர் எடுத்தவர் அந்த நெருக்கடியில் தோற்றார், பிளிட்ஸில் பலவீனமானவர் என்று சொல்லப்படுபவர் தாக்குப்பிடித்தார். ஐந்து மணிநேரம் யோசித்துக் களைத்த பிறகு வரும் வேகம் தனி வகை. புத்துணர்ச்சியோடு ஆடும் பிளிட்ஸை மட்டும் வைத்து அதை அளக்க முடியாது.

3. டை-பிரேக்குக்காக, அதாவது சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டங்களுக்காக. 2023 பாகு உலகக் கோப்பை காலிறுதியில் பிரக்ஞானந்தாவும் அர்ஜுன் எரிகைசியும் கிளாசிக்கல், ரேப்பிட், பிளிட்ஸ் எல்லாவற்றிலும் சமநிலையில் நின்று, ஒரே ஒரு பிளிட்ஸ் ஆட்டத்தில் முடிவைக் கண்டார்கள். பிரக்ஞானந்தா 5–4 என்று வென்றார். 2018 லண்டன் உலகப் பட்டப் போட்டியில் கார்ல்சனும் ஃபேபியானோ கருவானாவும் 12 கிளாசிக்கல் ஆட்டங்களையும் டிரா செய்தார்கள். ரேட்டிங்கில் இருவருக்கும் வித்தியாசம் வெறும் 3 புள்ளி. ரேப்பிட் டை-பிரேக் 3–0 என்று கார்ல்சன் பக்கமே போனது. மேல்மட்டத்தில் இருப்பவர்களுக்கு வேகமும் தொழிலின் ஒரு பகுதி.

## கெடுக்கும் இடங்கள்

1. பிளிட்ஸ் தரும் பாராட்டு தவறான பாராட்டு. பிளிட்ஸில் ஒரு நகர்வு நல்லதா என்பதைத் தீர்மானிப்பது, எதிராளி 5 விநாடியில் பதில் கண்டுபிடிக்கிறாரா என்பதுதான். எங்லுண்ட் கேம்பிட் என்ற ஓப்பனிங்கைப் பாருங்கள். வெள்ளை டி4 ஆடியதும் கறுப்பு இ5 என்று சிப்பாயைக் கொடுத்துவிடும். பிறகு ராணியை பி4-க்குக் கொண்டுவந்து செக் சொல்லி, பி2 சிப்பாயை எடுக்கும். வெள்ளை ஆசைப்பட்டு பிஷப்பை சி3-ல் வைத்து ராணியைத் துரத்தினால், கறுப்பு பிஷப் பி4-ல் வந்து உட்காரும். வெள்ளையின் கதை அங்கேயே முடிந்தது. பிஷப்புக்குப் பதிலாகக் குதிரையை சி3-க்கு எடுத்தால் வெள்ளைக்கே பெரிய சாதகம். இரண்டு நிமிடம் யோசிப்பவர் குதிரையை எடுப்பார். 5 விநாடி மட்டுமே உள்ளவர் பிஷப்பைத் தூக்குவார். பிளிட்ஸில் இதை வைத்து ஐம்பது ஆட்டம் ஜெயித்த பையன், நல்ல ஓப்பனிங் ஒன்று கையில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு போட்டிக்கு வருகிறான். அவன் தப்புக் கணக்குப் போடவில்லை. அவனுக்குக் கிடைத்த விடைத்தாள்தான் தப்பு.

2. சோதிக்காமல் நகர்த்தும் கை. ஆட்டத்தில் தோற்ற பிள்ளையிடம் மீதி நேரத்தைக் கேட்டால் 55 நிமிடம் என்று வரும். எதிராளி ஆடியதும் கை தானாகப் போய்விடுகிறது. இணையத்தில் காயைத் தொட்டுவிட்டு மனம் மாறலாம். போட்டிப் பலகையில் தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும்.

3. நேரத்தை விழுங்குவது. இதுதான் மிகப் பெரிய சேதம் என்று நினைக்கிறேன். பள்ளி, டியூஷன் போக ஒரு பிள்ளைக்கு செஸ்ஸுக்குக் கிடைப்பது இரண்டு மணிநேரம். அதில் ஒன்றரை மணிநேரம் பிளிட்ஸுக்குப் போனால், எண்ட்கேம் படிக்கவும், தோற்ற ஆட்டத்தை அலசவும், கடினமான புதிர் ஒன்றோடு இருபது நிமிடம் மல்லுக்கட்டவும் எதுவும் மிஞ்சாது. பிளிட்ஸ் நேரடியாக எதையும் கெடுக்காவிட்டாலும், சரக்குச் சேர வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்கிறது.

4. தோற்றால் இன்னொன்று. ரேட்டிங் இறங்கியதும் அதை மீட்க அடுத்த ஆட்டம், அதிலும் தோல்வி, இன்னொன்று. 2022-ல் உலக சாம்பியனுக்கான சவாலாளரைத் தேர்ந்தெடுக்கும் மாட்ரிட் கேண்டிடேட்ஸ் போட்டியின்போது அலிரேஸா ஃபிரூஜா ஒரு சுற்றுக்கு முந்தைய இரவு இணையத்தில் நூற்றுக்கணக்கான புல்லட் ஆட்டங்கள் ஆடினார். மறுநாள் இயான் நெப்போம்நியாச்சியிடம் தோற்றார். அதற்கு முன்பே அவர் தொடரில் பின்தங்கித்தான் இருந்தார். அந்த இரவுதான் காரணம் என்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் உலகின் மிகத் திறமையான இளைஞர்களில் ஒருவராலேயே நிறுத்த முடியவில்லை என்றால், பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் “நீயே பார்த்து நிறுத்திக்கொள்” என்று விடுவது நியாயமில்லை.

## ஆனந்த் பிளிட்ஸ் ஆடித்தானே வளர்ந்தார்?

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு வந்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. உண்மைதான். விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக இருந்தபோது, சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் இயங்கிய டால் செஸ் கிளப்பில் மணிக்கணக்கில் பிளிட்ஸ் ஆடினார். அவருடைய வேகம் அந்தக் காலத்திலேயே உலகப் புகழ் பெற்றது. 2017-ல் 48 வயதில் ரியாத்தில் உலக ரேப்பிட் பட்டத்தை வென்றபோதும் அந்த வேகம் அவரிடம் இருந்தது.

ஆனால் அந்த கிளப்பின் முறையைக் கவனியுங்கள். ஜெயித்தவர் பலகையிலேயே இருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அடுத்த முறை வரும்வரை அவர் தன்னைவிடப் பலசாலிகளின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார், எங்கே கோட்டை விட்டோம் என்று யோசிப்பார், பக்கத்தில் நிற்பவர் ஒரு வார்த்தை சொல்வார். அந்தக் காத்திருப்பு அலசலாக மாறியது. மொபைலில் அந்த வரிசை கிடையாது. தோற்ற மூன்றாவது விநாடியில் அடுத்த எதிராளி வந்துவிடுகிறார். ஆனந்த் ஆடிய பிளிட்ஸும் இன்றைய பிள்ளை ஆடும் பிளிட்ஸும் பெயரில் மட்டும்தான் ஒன்று. அதோடு, அவர் பிளிட்ஸோடு நிற்கவும் இல்லை. 1983-ல் தேசிய சப்-ஜூனியர் பட்டத்தை 9-க்கு 9 எடுத்து வென்றார். மெதுவான ஆட்டங்களும் அவருக்கு இணையாக நடந்துகொண்டிருந்தன.

1970-ல் ஹெர்செக் நோவியில் பாபி ஃபிஷர் உலகின் தலைசிறந்தவர்களை பிளிட்ஸில் 22-க்கு 19 என்று நொறுக்கி, இரண்டாவது வந்த மிகைல் டாலைவிட 4.5 புள்ளி முன்னால் நின்றார். இரண்டே ஆண்டில் உலக சாம்பியன். ஹிகாரு நகாமுரா 2022-ல் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு கிளாசிக்கலுக்குத் திரும்பி, பெர்லின் கிராண்ட் ப்ரீயை வென்று கேண்டிடேட்ஸில் இடம் பிடித்தார். அந்த இடைவெளியில் அவர் ஆடியதெல்லாம் பெரும்பாலும் பிளிட்ஸும் புல்லட்டும்தான். இவற்றை பிளிட்ஸின் வெற்றியாகக் காட்டுகிறார்கள். எனக்குத் தெரிவது வேறு. ஃபிஷர் உலகின் செஸ் நூல்களையெல்லாம் தேடிப் படித்துத் தீர்த்தவர். நகாமுரா 2003-லேயே கிராண்ட்மாஸ்டர் ஆனவர், இணைய நேரலைக்காக கேமரா முன் வருவதற்கு முன்பே கிளாசிக்கலில் உலகின் உச்ச வரிசையில் இருந்தவர். இருவரும் பிளிட்ஸில் செலவு செய்தது, பல ஆண்டு உழைப்பில் சேர்த்துவைத்த சேமிப்பை.

குகேஷின் பாதை இதற்கு எதிர்த்திசையிலிருந்து அதையே காட்டுகிறது. அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ரேட்டிங் 2500-ஐ எட்டும்வரை சிறந்த நகர்வைக் காட்டும் கணினி நிரலான எஞ்சினைத் தொடவிடாமல், சொந்த மூளையால் ஆழமாகக் கணக்கிடப் பழக்கினார். மேலே சொன்ன இரண்டாவது, மூன்றாவது வேலைகளில் கிடைத்த அந்தப் பலம், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் 18 வயதில் உலகப் பட்டத்தைத் தந்தது. பிளிட்ஸில் இன்னும் பின்னே இருக்கிறார், உண்மைதான். அந்த விலையை அவர் தாங்கினார்.

## சரி, எவ்வளவு ஆடலாம்?

1. ரேட்டிங் 1600-க்குள் இருப்பவர்கள்: 3 நிமிட ஆட்டத்தைத் தள்ளி வையுங்கள். வேகமாக ஆட ஆசையாக இருந்தால் 15 நிமிடமும் 10 விநாடியும் வைத்து ஒன்றோ இரண்டோ ஆடலாம். சரிபார்க்கும் பழக்கம் வேரூன்றாத வயதில் அதைத் தவிர்க்கும் பழக்கத்தை முதலில் கற்றுக்கொண்டால், பிறகு அழிப்பது கடினம்.

2. அதற்கு மேல் இருப்பவர்கள்: பிளிட்ஸுக்கு ஒரு காரணம் வேண்டும். இந்த வாரம் இந்த ஓப்பனிங், இத்தனை ஆட்டம் என்று முடிவு செய்துகொண்டு உட்காருங்கள். ஆடி முடித்ததும் எஞ்சினைப் போடும் முன், எந்த நகர்வில் முதல்முறை சங்கடம் தோன்றியது என்று நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.

3. போட்டி நடக்கும் நாட்களில்: இரண்டு சுற்றுகளுக்கு நடுவே பிளிட்ஸ் வேண்டாம். போட்டி மண்டபத்துக்கு வெளியே பிள்ளைகள் தரையில் பலகையை விரித்து ஆடுவதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அடுத்த சுற்றின் முதல் மணிநேரத்தில் அந்த வேகம் கையில் ஒட்டிக்கொண்டு வரும்.

4. எப்போதும் நேர நெருக்கடியில் மாட்டுபவர்கள்: இவர்களுக்கு பிளிட்ஸ் மருந்து. 3 நிமிடமும் 2 விநாடியுமாக ஆடுங்கள், இன்கிரிமென்ட் இல்லாத ஆட்டம் வேண்டாம். எளிய முடிவுகளை எளிதாக எடுக்க அது பழக்கும்.

தான் எந்த வகை என்று தெரியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஸ்கோர்ஷீட்டில் நகர்வுக்குப் பக்கத்தில் கடிகாரத்தில் மீதியுள்ள நேரத்தையும் எழுதலாம், ஃபிடே விதி அதை அனுமதிக்கிறது. ஒரு போட்டி முழுவதும் அப்படி எழுதிவிட்டு, தோற்ற ஆட்டங்களில் பெரிய தவறு விழுந்த நகர்வுகளைச் சுற்றுங்கள். அந்த இடங்களில் 40, 50 நிமிடம் மீதி இருந்து, தவறான நகர்வுக்கு ஒரு நிமிடம்கூடச் செலவாகவில்லை என்றால், ஒரு மாதம் பிளிட்ஸை நிறுத்திவிட்டு அடுத்த போட்டியின் தாள்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடம்தான் மீதி இருந்தது என்றால் 20-வது நகர்வுக்கு முன்னால் போய்த் தேடுங்கள். நேரம் போனது அங்கேதான்.